லைட்டுக்கு ஜாதகம் பார்த்தேன்: எடிமான்லைன் தளம்

மாயவரத்தில் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. எமர்ஜென்சி லைட்டைத் தூக்கிவந்த ஏழாம் வகுப்புப் பயல் கேட்டான்: "மிஸ், லைட்டுன்னா வெளிச்சம். அப்புறம் எதுக்கு 'லைட்டா தலை வலிக்குது'ன்னு சொல்றோம்?"

கையிலிருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ஒளி, விளக்கு, இலேசான, பளுவற்ற என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு பயலுக்கு என்ன சொல்ல? அன்று ராத்திரிதான் போனில் எடிமான்லைனைத் திறந்தேன். ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் தளம். அமெரிக்காவில் டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தனி ஆளாகத் தொடங்கியது. காசு கிடையாது.

லைட் என்று தேடினால் ஒன்றுக்கு மேல் பதிவுகள் வருகின்றன. வெளிச்ச லைட் வேறு, எடை குறைந்த லைட் வேறு! பழைய ஆங்கிலத்திலேயே இரண்டும் 'லெயொஹ்ட்' என்று ஒரே முகத்தோடு திரிந்திருக்கின்றன. வேர் மட்டும் வேறு. முதலாவதற்கு, ஆங்கிலம், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் மூதாதையான பழைய மொழியின் 'லெயுக்' என்ற வேர், பிரகாசம் என்று பொருள். லத்தீனில் நிலாவுக்கு லூனா என்று பெயர் வந்ததும், ரத்தப் புற்றுநோய்க்கு லுகேமியா என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். கிரேக்கத்தில் லுகோஸ் என்றால் வெள்ளை.

ஸ்பெல்லிங்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஜி, ஹெச்சுக்கும் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து வரும் 'ஹ்' ஒலி இருந்தது. அதை எழுத்தில் பிடிக்க எழுத்தர்கள் போட்டது ஜி, ஹெச். ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் காலி வீட்டைக் காவல் காக்கிறது. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'லிஹ்ட்' என்கிறார்கள். டிலைட் இன்னும் வேடிக்கை. பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது, வெளிச்சத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் லைட்டைப் பார்த்து அதுவும் ஜி, ஹெச் மாட்டிக்கொண்டது. இத்தனை வருஷமாக இதை எழுதவில்லை என்று எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் குறைத்திருப்பேன்!

எடை குறைந்த லைட்டின் சொந்தக்காரர்களில் நான் எதிர்பார்க்காதவர், லங். நுரையீரலுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது அது கனமில்லாத உறுப்பு என்பதால். சட்டியில் போட்டால் ஈரல் முங்கும், இது மிதக்கும். நம் ஆட்களும் நுரை என்று சொல்லித்தானே பெயர் வைத்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஈரல், சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு இது உடனே புரியும்.

எடை குறைந்த லைட்டின் வேருக்குச் சமஸ்கிருதத்தில் வாரிசு 'லகு' என்று தளம் காட்டுகிறது. யாழ்ப்பாணத்தார் "இலகு" என்பதும், நாம் "லகுவா முடிஞ்சுது" என்பதும் அதுதான். வெளிச்ச லைட்டுக்கு 'ரோசதே', ஒளிர்கிறது, என்று ஒரு சமஸ்கிருதச் சொல்லைக் கொடுத்து அங்கேயே நின்றுவிடுகிறது. நான் விடவில்லை. மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத-ஆங்கில அகராதியைத் தேடிப் போனேன். அதே வினையில் பிறந்தது 'ருசி'. ஒளி, அழகு, விருப்பம், சுவை என்று பொருள் வரிசையாக நகர்ந்திருக்கிறது. சாம்பாரில் நாம் பார்க்கும் ருசி, லைட்டுக்குத் தூரத்து ஒன்றுவிட்ட உறவு!

குறைகளும் உண்டு. தமிழை இது கட்டுமரம், மிளகுத்தண்ணி மாதிரி ஆங்கிலத்துக்குக் கடன் கொடுத்த சொற்களில்தான் தொடும், மற்றபடி நம் பக்கத்துத் தேடலை நாமேதான் செய்ய வேண்டும். சொல்லுக்குப் போடும் வருஷம் எழுத்தில் முதலில் கண்ட வருஷம்தான், பிறந்த தேதி அல்ல. வேருக்கு முன்னால் நட்சத்திரக்குறி இருந்தால் அறிஞர்கள் ஊகித்துக் கட்டிய வடிவம், யாரும் எழுதிவைத்தது இல்லை. இதெல்லாம் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. உச்சரிப்புக்கு இதை நம்பி வராதீர்கள், வேறு அகராதி வேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைக்கு வேண்டாம். கேள்வி கேட்கிற பிள்ளைக்குக் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். என் பயல் மறுநாளே "அப்ப லேசும் லைட்டும் சொந்தமா மிஸ்?" என்றான். இல்லை. லேசு, துளி என்று பொருள்படும் 'லேசம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. முகம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அவனுக்கு ஏமாற்றம். "நைட்டுல ஏன் மிஸ் ஜி, ஹெச்?" என்று அடுத்ததை ஆரம்பித்துவிட்டான்.