பெட்-சிடி ஸ்கேன்: எதை நம்பலாம், எங்கே ஏமாற்றும்

புற்றுநோயைத் தேட பெட்-சிடி எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததும், எந்த சென்டரில் புது மெஷின் இருக்கிறது என்றுதான் பலரும் விசாரிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் படம் கெட்டுப்போகும் பல சமயங்களில் தவறு மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால் இந்த மதிப்புரையில் மெஷினை விட அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்துக்கே அதிக இடம்.

சிடியும் எம்ஆர்ஐயும் பெரும்பாலும் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். அந்தத் திசு எவ்வளவு சர்க்கரை எடுத்துக்கொள்கிறது என்று காட்டுவது பெட். பெட்டையும் சிடியையும் சேர்த்து எடுப்பதுதான் பெட்-சிடி. வழக்கமாகப் போடும் மருந்து எஃப்டிஜி. குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் மூலக்கூறில் கதிரியக்க ஃப்ளோரின்-18 ஒட்டியிருக்கும். செல் அதை சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து, பாஸ்பேட்டும் சேர்த்துவிடும். அதற்கு மேல் அதைச் செரிக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. அப்படிச் சிக்கிய இடம் படத்தில் ஒளிரும். ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். நீங்கள் தாமதமாகப் போனாலும் மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. கொடுத்த நேரத்துக்குச் சரியாகப் போக வேண்டும் என்று சென்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

தயாரிப்பில் முதல் விஷயம் வெறும் வயிறு. குறைந்தது 4 மணி நேரம், பல சென்டர்களில் 6 மணி நேரம். பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சாப்பிட்டுவிட்டுப் போனால் இன்சுலின் சுரந்து, மருந்தில் பெரும் பங்கைத் தசைகளுக்கும் இதயத்துக்கும் தள்ளிவிடும். கட்டிக்கு மிச்சம்தான் போய்ச் சேரும். முந்தைய நாள் ஜிம், ஓட்டம், பாரம் தூக்குவது எதுவும் வேண்டாம். ரத்தச் சர்க்கரை 200 மிகி/டெசிலிட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாகத் தேதியை மாற்றுவார்கள். அதைக் கீழே கொண்டுவர அவசரமாக இன்சுலின் போட்டுக்கொண்டு போவது இன்னும் மோசம்: வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கும் எஃப்டிஜிக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குடல் முழுக்க ஒளிர்ந்து, உள்ளே ஒளிந்திருக்கும் புண்ணையோ கட்டியையோ மறைத்துவிடலாம். குடலைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்றால் 48 மணி நேரம் முன்பே நிறுத்தலாமா என்று சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது.

நல்ல சென்டரையும் சுமாரானதையும் பிரித்துக் காட்டுவது ஊசி போடும் விதம். இடது மார்பில் நோய் என்றால் வலது கையில் போட வேண்டும். மருந்து ரத்த நாளத்துக்கு வெளியே கசிந்தால், நிணநீர் வழியாக அதே பக்க அக்குள் கணுவுக்குப் போய் அங்கே ஒளிரும். நோய் அங்கே பரவிவிட்டது என்று தவறாகப் படிக்க இது ஒன்றே போதும். அதனால் முதலில் கேனுலா (ரத்த நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) போட்டு, சலைன் தள்ளிப் பார்த்து, அப்புறம் மருந்து ஏற்றுகிறார்களா என்று கவனியுங்கள்.

ஊசிக்குப் பிறகு சுமார் 60 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும், சூயிங்கம் மென்றால் தாடைத் தசை ஒளிரும். ஏசி குளிர் அதிகமானால் கழுத்திலும் காரையெலும்பின் மேலும் உள்ள, உடலைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு எரியத் தொடங்கி, லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) கணுக்கள் மாதிரியே தோன்றும். போர்வை கேட்க வெட்கப்பட வேண்டாம். படுக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் எஃப்டிஜி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. நிறைந்த சிறுநீர்ப்பை பக்கத்தில் இருப்பதையெல்லாம் மூழ்கடித்துவிடும். மெஷினுக்குள் இருப்பது பொதுவாக அரை மணிக்குள். மூச்சை ஆழமாக இழுக்காமல் சீராக விட்டாலே போதும். சிடி எடுக்கையில் மூச்சை ஆழமாக இழுத்தால், கல்லீரல் மேல் முனையில் இருக்கும் கட்டி நுரையீரலின் அடியில் இருப்பது போல விழும்.

பயனுக்கு வருவோம். லிம்போமாவில் இதற்கு முழு மதிப்பெண் தரலாம். சிகிச்சைக்குப் பின் சிடியில் ஒரு கட்டி மிஞ்சியிருந்தால் அது வெறும் தழும்பா, உயிரோடு இருக்கும் நோயா என்பதை வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பெட்டில் டோவில் என்ற 5 புள்ளி அளவுகோல் இருக்கிறது: கல்லீரலை விட ஒளி கூடுதலானால் 4 அல்லது 5, அதற்குக் கீழே என்றால் 1 முதல் 3. ஹாட்ஜ்கின் லிம்போமாவில் இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் எடுக்கும் ஸ்கேனை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயில் அறுவைக்கு முன் தூரத்துப் பரவலைக் கண்டுபிடித்து, வீண் அறுவையைத் தவிர்க்க உதவும்.

ஏமாற்றும் இடங்களும் குறைவில்லை. காசநோய், சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் உண்டாக்கும் நோய்), பூஞ்சைத் தொற்று, ஆறிக்கொண்டிருக்கும் அறுவைக் காயம் எல்லாமே சர்க்கரை சாப்பிடும். மின்னுவதெல்லாம் புற்றுநோய் அல்ல, சந்தேகம் இருந்தால் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் தீர்ப்பு. எதிர்ப்பக்கமும் உண்டு: 8 மில்லிமீட்டருக்குக் குறைவான புள்ளிகள், சளி சுரக்கும் கட்டிகள், மெதுவாக வளரும் நியூரோஎண்டோக்ரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும்) கட்டிகள், பல புராஸ்டேட் கட்டிகள் ஆகியவை எஃப்டிஜிக்குப் பிடிபடாமல் போகலாம். மூளை தானே ஏகப்பட்ட குளுக்கோஸ் எரிப்பதால், அங்கே பரவல் தேட எம்ஆர்ஐதான் மேல்.

எஸ்யூவி (ஓரிடம் எவ்வளவு மருந்தை எடுத்துக்கொண்டது என்று காட்டும் எண்) 2.5ஐத் தாண்டினால் புற்றுநோய் என்று சுற்றிக்கொண்டிருக்கும் கணக்கை நம்பாதீர்கள். உடல் எடை, சர்க்கரை அளவு, காத்திருந்த நிமிடங்கள், மெஷின் ஆகியவற்றோடு அந்த எண் மாறும். எடுக்கும் நேரமும் அப்படித்தான். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து சுமார் 3 மாதம் ஆகாமல் எடுத்தால் வீக்கமே நோயாகத் தெரியும். வெள்ளணுக்களை ஏற்றும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்ட சில நாட்களில் எடுத்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும்.

புராஸ்டேட்டுக்கு காலியம்-68 பிஎஸ்எம்ஏ, நியூரோஎண்டோக்ரைன் கட்டிக்கு டோட்டாடேட் என்று வேறு மருந்துகள் உண்டு. இதே கட்டிகளைத் தேடிப் போகும் மூலக்கூறில் கதிரியக்க லுட்டீஷியம்-177 ஒட்டினால் அதுவே சிகிச்சை மருந்தாகிவிடும். பெட்டில் ஒளிர்ந்தால்தான் அதைக் கொடுப்பதில் அர்த்தம். இதயத்துக்கு எடுக்கும்போது தயாரிப்பே தலைகீழாக மாறும்: தசை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் குளுக்கோஸ் கொடுப்பார்கள், சார்காய்டோசிஸ் தேட முந்தைய நாள் மாவுச்சத்தே இல்லாத கொழுப்பு உணவு. எதற்கான ஸ்கேன் என்று தெரியாமல் பொதுவான விதிகளோடு போனால் இங்கே வீண்தான்.

உடல் வாங்கும் கதிர்வீச்சு அளவு 370 மெகாபெக்கரல் (மருந்தின் கதிரியக்க அளவு) எஃப்டிஜிக்குச் சுமார் 7 மில்லிசீவர்ட், சிடியின் பங்கு தனி. நோய் இருக்கும்போது அது ஏற்கத்தக்கது. ஆரோக்கியமானவர் சும்மா செக்கப்புக்கு எடுப்பதைச் சிபாரிசு செய்ய முடியாது. கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முன்பே சொல்லிவிட வேண்டும். எடுத்த அன்று தண்ணீர் நிறையக் குடித்து, சில மணி நேரம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முடிவு வரியைப் பார்க்கும் முன் மேல் பகுதியைப் படியுங்கள். அன்றைய ரத்தச் சர்க்கரை, கொடுத்த மருந்தின் அளவு, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடையே எத்தனை நிமிடம், கல்லீரலின் எஸ்யூவி, எந்தப் பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் டைகாம் கோப்பு (ஸ்கேனின் மூல டிஜிட்டல் படம்) உள்ள டிஸ்க்கும் வாங்கிவிடுங்கள். அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே மெஷினில், அதே காத்திருப்பு நேரத்தோடு எடுக்கச் சொல்லுங்கள்.