மூலத்துக்கு ரப்பர் வளையமா, ஆபரேஷனா?

மலம் கழிக்கும்போது ரத்தம் வந்த பிறகும் எட்டு மாதம் களிம்பு தடவியே காலம் தள்ளினேன். கூச்சம்தான் காரணம். கடைசியில் மருத்துவரிடம் போனபோது அவர் சொன்னது இரண்டு வழி: உள்ளே ரப்பர் வளையம் போடுவது, இல்லையென்றால் ஆபரேஷன் செய்து வெட்டி எடுப்பது. நான் வளையம் போட்டுக்கொண்டேன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஆபரேஷன் செய்துகொண்டது என் அண்ணன். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் இருந்து பார்த்த அளவுக்குத்தான்.

முதலில் எந்த நிலை என்று தெரிய வேண்டும். ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லோருக்கும் உண்டு. அது வீங்கிக் கீழே சரிந்தால் உள் மூலம். ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. வெளியே வந்து தானாக உள்ளே போய்விட்டால் இரண்டாம் நிலை. விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்று. தள்ளியும் போகாவிட்டால் நான்கு. வளையம் முக்கியமாக இரண்டுக்கும் மூன்றுக்கும். நான்காம் நிலை என்றாலோ, வெளி மூலமும் பெரிதாகச் சேர்ந்திருந்தாலோ பெரும்பாலும் ஆபரேஷன்தான். எனக்கு இரண்டு, அண்ணனுக்கு நான்கு. எங்கள் இருவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லைதான். ஆனால் மூன்றாம் நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும், குழப்பமும் அவர்களுக்குத்தான் அதிகம்.

வளையம் போட மயக்க மருந்து தேவைப்படவில்லை. மூலத்தின் அடிப்பகுதியில், வலி உணரும் நரம்புகள் இல்லாத இடமாகப் பார்த்து மாட்டுவார்கள். சில நிமிட வேலை. ரத்த ஓட்டம் நின்று திசு சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். அது போனதே எனக்குத் தெரியவில்லை. முதல் இரண்டு நாள் மலம் முட்டிக்கொண்டு நிற்பது போலவே இருக்கும். அதை நம்பிப் போய் முக்கக் கூடாது. நான் முக்கினேன், பட்டேன்.

ஆபரேஷனில் வலிதான் விலை. அண்ணன் முதல் தடவை மலம் கழித்துவிட்டு வெளியே வந்து, "டேய், உனக்கு இது வேண்டாம்டா" என்றார். வேலைக்குத் திரும்ப அவருக்கு மூன்று வாரம் ஆனது. நான் மறுநாளே போய்விட்டேன்.

சரி, அப்படியானால் எல்லோரும் வளையமே போட்டுக்கொள்ளலாமே? இங்கேதான் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: திரும்ப வருமாமே? வரும். 2016இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், வளையம் போட்டவர்களில் 49 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் தொந்தரவு திரும்பியிருந்தது. ரத்தக் குழாயைக் கட்டிவிடும் வேறொரு வகை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் அது 30 சதவீதம். வெட்டி எடுத்தாலும் திரும்பும் வாய்ப்பு வளையத்தைவிடக் குறைவுதான். இதைக் கேட்டதும் நானே ஒரு வாரம் தூங்கவில்லை.

ஆனால் அந்த 49ஐப் பார்க்கும் விதம் ஒன்று இருக்கிறது. வளையம் என்பது ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. சில வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவை போடுவது சகஜம். மறுபடி போட வேண்டி வந்ததைத் தோல்வியாக எண்ணாமல் சிகிச்சையின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொண்டபோது, அதே ஆய்வில் இரண்டு சிகிச்சைகளுக்கும் இடையிலான வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. எனக்கு இரண்டு தடவை போட்டார்கள். மூன்றாவது தேவைப்பட்டாலும் இழப்பது ஓர் அரைநாள். அதற்கும் அடங்காவிட்டால் ஆபரேஷன் எங்கேயும் ஓடிவிடாது. ஆபரேஷன் செய்துகொண்டவர் "முதலில் வளையம் போட்டுப் பார்த்திருக்கலாமோ" என்று பிறகு யோசித்துப் பயனில்லை. எனக்கு முடிவைச் சொன்னது இந்தக் கணக்குதான். நான் போட்டு மூன்று வருடம்தான் ஆகிறது, பத்து வருடம் கழித்து இதே உறுதியோடு பேசுவேனா என்றால் சத்தியம் செய்ய மாட்டேன்.

திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்: மலம் இளகலாக இருக்க வேண்டும், முக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து என்பார்கள். சாப்பாட்டில் அவ்வளவு சேராததால் நான் இசப்கோலும் சேர்த்துக்கொள்கிறேன். அதோடு தண்ணீர் குறைந்தால் மலம் இன்னும் இறுகும், இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. நார்ச்சத்து மட்டுமே ரத்தக் கசிவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முதல் நிலையில் இருப்பவர் வளையம், கத்தி எதையும் யோசிக்காமல் இதிலேயே தொடங்கலாம். அப்புறம் போன். கழிப்பறைக்குள் அது இருந்தால் ஐந்து நிமிடம் இருபதாகிவிடும். அவ்வளவு நேரமும் கீழே ரத்தம் தேங்கி நிற்கும். அதை விடுவதுதான் எனக்கு இசப்கோலைவிடக் கஷ்டமாக இருந்தது.

களிம்பு? அரிப்புக்கும் எரிச்சலுக்கும் சரி. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட அதே ஆறுதல் கிடைக்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம். சரிந்த மூலத்தை எந்தக் களிம்பும் மேலே ஏற்றாது, எட்டு மாதம் தடவிப் பார்த்தவன் சொல்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வளையத்துக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; திசு உதிரும் நேரத்தில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். வளையம் போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போய், காய்ச்சலும் வந்து, சிறுநீர் பிரியாமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும். அபூர்வம்தான், ஆனால் அது கடுமையான தொற்றாக இருக்கலாம். இன்னொன்று, ரத்தம் வந்தாலே மூலம் என்று நானாக முடிவு கட்டியது தப்பு. பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். வளையம் போடுவதற்கு முன் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து அது இல்லை என்று சொன்ன அன்றுதான், அந்த எட்டு மாதத்தை நினைத்து எனக்குப் பயமே வந்தது.