நெல் மூட்டைக்கு நடுவே ஒரு ஸ்டூடியோ: நாலு வருஷ வீடியோ அனுபவம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாலு வருஷமாகப் பாட வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம். ஊர் திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலம் பக்கம். என்னிடம் இருப்பது ஒரு பழைய போன், 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், 700 ரூபாய்க்கு வாங்கிய காலர் மைக், ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் குரல் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வீடியோ, மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்கால் வரைக்கும் எப்படி வருகிறது என்பது. வழக்கமாக அணை திறக்கிற ஜூன் 12இல் ஆரம்பித்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிவதைச் சொல்லி, கடைசியில் எங்கள் பக்கத்து மூணாறு தலைப்பு என்கிற மதகில், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தில் நானே நின்று பேசினேன். படம் பளிச்சென்று வந்திருந்தது. ஆனால் மதகின் ஷட்டருக்குக் கீழே விழுகிற தண்ணீர் இரைச்சலில் என் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. வகுப்பில் போட்டுக் காட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், தண்ணிதான் பாடம் நடத்துது" என்றான்.

அதற்கப்புறம் வெளியில் எடுப்பது படம் மட்டும்தான், குரலை வீட்டில் தனியாகப் பதிகிறேன். அதிலும் சுலபமாக ஒன்றும் அமையவில்லை. எங்கள் கூடம் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, ஒரு வார்த்தை சொன்னால் மூணு தடவை திரும்பி வரும். ஒரு பிப்ரவரியில் வேறு இடமில்லாமல் சம்பா நெல் அடுக்கியிருந்த உள்ளறைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிப் பார்த்தேன், எதிரொலி சுத்தமாக இல்லை! சாக்கும் நெல்லும் சத்தத்தை அப்படியே குடித்துவிடுகின்றன. சுணை அரிக்கும், தும்மல் வரும், அதைப் பொறுத்துக்கொண்டால் காசு கொடுத்தும் கிடைக்காத ஸ்டூடியோ. ரெண்டு வாரத்தில் மூட்டையெல்லாம் கொள்முதல் நிலையத்துக்குப் போனது, எதிரொலி திரும்பி வந்துவிட்டது. இப்போது மூட்டை இல்லாத மாதங்களில் அதே அறையில் கொடி கட்டி வெறும் சாக்கையும் அம்மாவின் பழைய போர்வைகளையும் தொங்கவிடுகிறேன். முக்கால்வாசி பலன் உண்டு.

பதிந்த குரலை ஆடாசிட்டி என்கிற இலவச ஒலி மென்பொருளில் சுத்தம் செய்கிறேன். பேசுவதற்கு முன் ஐந்து விநாடி சும்மா இருங்கள், அந்த இடைவெளியில் விழும் ஃபேன் சத்தத்தை மாதிரியாகக் காட்டினால் மொத்தப் பதிவிலிருந்தும் அதைக் குறைத்துவிடும். ஆசைப்பட்டு ரொம்பக் குறைத்தால் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகும். சீராக ஓடுகிற சத்தத்துக்குத்தான் இந்த வித்தை, மயில் அகவினால் அந்த வாக்கியத்தை மறுபடி பேசத்தான் வேண்டும். எங்கள் ஊரில் மயில் அதிகம்.

ஸ்லைடைக் காட்டிப் பேசுகிற பகுதிக்கு ஓபிஎஸ், லேப்டாப் திரையையே வீடியோவாகப் பதிகிற மென்பொருள். அதில் ஆரம்பத்தில் பதிவை எம்பி4 என்கிற கோப்பு வகையில் வைத்திருந்தேன். இருபது நிமிடம் பேசி முடிக்கப்போகிற நேரத்தில் கரண்ட் போனது, லேப்டாப் பேட்டரியோ செத்து வருஷமாகிறது. திரும்ப வந்து பார்த்தால் கோப்பு திறக்கவே இல்லை. தப்பு என்னுடையதுதான், எம்கேவி என்கிற வகையில் வைத்திருந்தால் நின்ற இடம் வரைக்குமாவது தப்பியிருக்கும். முடிந்தபின் ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே அதை எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம், ஒரு நிமிட வேலை.

டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. போன் கேமராவில் விநாடிக்கு 25 ஃப்ரேம் (படம்), ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வைத்தால் பட்டை போய்விடும். இன்னொன்று, பல போன்கள் ஃப்ரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும், எடிட்டிங்கில் போகப் போக வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் என்று விலகும். ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் (ஒரே சீரான வேகம்) போட்டு மாற்றிவிட்டுத்தான் வெட்ட உட்காருகிறேன்.

வெட்டுவது ஷாட்கட் என்கிற எடிட்டிங் மென்பொருளில். இலவசம், ப்ராக்ஸி (வெட்டும்போது மட்டும் பயன்படும் சின்ன நகல்) போட்டுக்கொண்டால் என் லேப்டாப்பிலும் ஓடுகிறது. இதற்கு முன் போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன், அது தமிழைப் படுத்திய பாடு இருக்கிறதே, 'கொள்ளிடம்' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். அன்றிலிருந்து தமிழ்த் தலைப்பை லிப்ரே ஆபீசில் அடித்துப் படமாகச் சேமித்து ஒட்டுகிறேன். எழுத்தைப் பெரிதாக வையுங்கள், பிள்ளைகள் பார்ப்பது அப்பாவின் போனில், அதுவும் பாதி போன் கீறல் விழுந்தது.

இந்த வருஷத்து மூட்டைகள் போன வாரம் உள்ளறைக்கு வந்துவிட்டன. மூணு பாடத்துக்குக் குரல் பதிய வேண்டியிருக்கிறது, அதுவரை கொள்முதலுக்கு ஏற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் தவணை கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டார்.