நேராகப் போகும் வண்டி, கோணி நிற்கும் ஹேண்டில் பார்

கீழக்கரையிலிருந்து நண்பன் கேட்டிருக்கிறான். நான் ஓட்டும் அதே 125 சிசி வண்டி, அதே வருட மாடல், செகண்ட்ஸில் வந்திருக்கிறதாம். "எடுக்கலாமா மாப்ள?" போனில் பதில் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். இந்த வண்டியின் இன்ஜினைப் பற்றிப் பேச எனக்கு ரெண்டு நிமிஷம் போதும், ஹேண்டில் பாரைப் பற்றிப் பேசினால் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். அதனால் எழுதிவிடுகிறேன். வண்டியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் கதையில் பாதிப் பழி வண்டியைத் தொட்ட கைகளுக்குப் போகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன், வருடக் கணக்கில் இதே வண்டி. இன்ஜினை இதுவரை யாரும் திறந்ததில்லை. ஆயில் மாற்றுவதோடு சரி. லிட்டருக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாமல் கொடுக்கிறது. சீட் பரவாயில்லை. பின்னால் உட்காருகிறவர்களும் குறை சொன்னதில்லை. பிரேக் இந்த விலைக்கு நியாயம்.

உப்புக்காற்றில் என்னென்ன போயிற்று என்று கேட்பீர்கள். கண்ணாடித் தண்டு துருப்பிடித்தது, செயின் கவர் போல்ட்டுகள் தலையே இல்லாமல் கரைந்தன, சைலன்சர் அடிப்பக்கம் ஓட்டையானது. கிளட்ச் கேபிள் உள்ளுக்குள் துருவேறி இழுபட்டு அறுந்தது. நம் கரையில் எந்த வண்டி வாங்கினாலும் இதெல்லாம் உண்டு, இதற்காக நான் கோபப்பட மாட்டேன்.

கோபம் வேறு இடத்தில். வண்டி நேராகப் போகும், ஹேண்டில் பார் மட்டும் இடப்பக்கம் லேசாகத் திரும்பி நிற்கும். ரொம்ப இல்லை. புதிதாக ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஒருதரம் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைப் பார்க்காமல் ஓட்ட முடியாது. இடது கை முட்டி மடங்கியும் வலது கை நீண்டும் இருக்கும். ராமேஸ்வரம் போய்ச் சேர்வதற்குள் வலது தோள்பட்டை வலிக்கும். ராத்திரியில் இன்னும் மோசம். ஹெட்லைட் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு சேர்ந்தது, ஹேண்டில் திரும்பிய பக்கம்தான் அதுவும் பார்க்கும். உச்சிப்புளி தாண்டி இருட்டு ரோட்டில் வரும்போது வண்டி நடு ரோட்டில் போகிறது, வெளிச்சம் ஓரத்துச் சீமைக்கருவேலம் புதரில் விழுகிறது. எதிரே இருக்கும் பள்ளம் தெரியாது, கருவேலம் முள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்.

இது எப்போது ஆரம்பித்தது என்பதில் சந்தேகமே கிடையாது. பாம்பனில் மீன் இறங்கும் இடத்துப் பக்கம் வண்டியைப் பூட்டி நிறுத்தியிருந்தேன். பின்னால் எடுத்த லோடு ஆட்டோ ஒன்று இடப்பக்கமிருந்து முன்சக்கரத்தின் மேல் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். வண்டி கீழே விழவில்லை, ஒரு கீறல் இல்லை. ஹேண்டில் பூட்டியிருந்ததால் அது அசையவில்லை, சக்கரம் மட்டும் திரும்பியது. அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுக்க இருக்கிறது. அதை நான் போன இடத்திலெல்லாம் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் என்ன செய்தார்கள்? ஹேண்டில் கோணலா, ஹேண்டில் பாரை மாற்று. மாற்றினார்கள், பில் போட்டார்கள். புது ஹேண்டில் பார் பளபளவென்று அதே கோணத்தில் இடப்பக்கம் பார்த்து நின்றது! கேட்டதற்கு "ஓட்ட ஓட்டச் சரியாயிடும் சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். இரும்பு எந்த ஊரில் ஓட்ட ஓட்ட நேராகும்?

அடுத்து டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப். அவர் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் தண்டில் இருக்கும் குண்டு பேரிங், போய்விட்டது என்றார். அது உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவர் அமுக்க, முன்சக்கரம் தூக்கி நிற்கும்போது ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினால் நடுவில் வந்ததும் 'டக்' என்று உட்காரும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் குண்டுகள் ஒரே இடத்தில் அடி வாங்கி அங்கேயே குழி போட்டுவிடும். கிரீஸ் வற்றி உப்பு ஈரம் இறங்கிவிட்டால் இன்னும் சீக்கிரம். பழைய கோனைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். குண்டு ஓடும் தடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் செம்மண் நிறத்தில் துரு. நகத்தால் தடவினால் தட்டியது. புதுசு போட்டார். ஆனால் மேல் நட்டை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டார். மெதுவாகப் போகும்போது வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை, பஜாரில் இப்படியும் அப்படியும் தள்ளாடியது. திரும்பப் போய்த் தளர்த்தி வாங்கினேன். கோன் தளர்வாக இருந்தால் முன்பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று கேட்கும், பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கும்போது கைக்குத் தெரியும். இறுக்கமாக இருந்தால் சத்தமே இருக்காது, வண்டிதான் அலையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டிவிட்டால் அது தன் பாரத்தில் கடைசி வரை போய் விழ வேண்டும், அதேசமயம் ஃபோர்க்கைக் கீழே பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது.

சரி, கோன் புதுசு, ஹேண்டில் பார் புதுசு. கோணல் மட்டும் பழசு.

இதற்கு நடுவில் இன்னொரு வம்பு. எங்கள் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு வண்டி இழுக்கிறதா, காற்று இழுக்கிறதா என்று பிரிப்பதே கஷ்டம். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ராமேஸ்வரம் போகும்போது வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் விரிகுடா. 1988இல் திறந்த இந்தப் பாலம் ரெண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், மறைவு என்று ஒன்றும் கிடையாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று வலப்பக்கம் மோதும், வண்டியை அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்துத்தான் போக வேண்டும். அப்படிப் பிடிக்கும் கைக்கு ஹேண்டில் கோணலாகத்தான் தெரியும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்காரர்கள் "காத்துங்க" என்று சொல்லித் தப்பித்தார்கள்.

ஆனால் அதே பாலம்தான் சரியான சோதனையும். திரும்பி வாருங்கள். காற்று இப்போது இடப்பக்கம். இழுப்பும் பக்கம் மாறினால் அது காற்று. போகும்போதும் வரும்போதும் ஒரே பக்கம் என்றால் அது வண்டி. எனக்கு ஹேண்டிலின் கோணல் போகும்போதும் இடது, வரும்போதும் இடது. காற்றே இல்லாத விடியற்காலையிலும் இடது. ஓரமாகப் போய்ப் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம், ரோடு ஓரத்துக்குச் சரிவாக இருக்கும், எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் இறங்கத்தான் பார்க்கும். ஒரு பக்கம் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டும் சோதிக்க வேண்டாம். தனுஷ்கோடி ரோடு நீளமாக, நேராக இருப்பதால் இதற்கு நல்ல இடம், மணல் ஏறிக் கிடக்காத நாளாக இருந்தால். கையை விட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லும் மேதைகளை நம்ப வேண்டாம். கோனில் கோளாறு இருக்கும் வண்டியில் கையை விடுவது சோதனை ஆகாது.

கடைசியில் தீர்த்துவைத்தவர் உச்சிப்புளிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக். கடைக்குப் போர்டு கூடக் கிடையாது. லோடு ஆட்டோ கதையைச் சொன்னேன். முதன்முதலாக ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "பூட்டியிருந்துச்சா?" என்று திருப்பிக் கேட்டார். ஹேண்டில் பக்கமே அவர் போகவில்லை.

"ஹேண்டிலைப் பாக்காதீங்க தம்பி. வீலை நேரா நிறுத்துவோம். அப்புறம் ஹேண்டில் எங்க நிக்குதுன்னு பாப்போம்."

அவர் எடுத்தது தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பு. வண்டியை ஸ்டாண்டு போடாமல் ஒரு பையனை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். பின்டயரைச் சுற்றி நரம்பைக் கொடுத்து, சைலன்சருக்குக் கீழே இரண்டு பக்கமும் முன்னால் கொண்டுவந்து, முன்டயரைத் தாண்டி இரண்டு செங்கல்லில் கட்டி விறைப்பாக்கினார். நரம்பு பின்டயரின் பின் விளிம்பையும் முன் விளிம்பையும் தொட்டு மட்டும் போக வேண்டும், வளைக்கக் கூடாது. பின்டயர் 100 அகலம், முன்டயர் 80. ஆக வண்டி ஒழுங்காக இருந்தால் முன்டயருக்கு இரண்டு பக்கமும் சுமார் 10 மில்லிமீட்டர் சந்து இருக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் நரம்பு டயரை உரசியது.

அங்கேதான் இரண்டாவது கோளாறு வெளியே வந்தது. பின்சக்கரம். செயின் இறுக்கும்போதெல்லாம் அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை எண்ணி இரண்டு பக்கமும் சமமாக வைக்கிறார்கள். இந்த வண்டியில் அந்தக் கோடுகளே சமமாக இல்லை! பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து பின் ஆக்ஸில் நடு வரை டேப் பிடித்து அளந்து காட்டினார், இரண்டு பக்கமும் வேறு வேறு. பின்சக்கரம் கோணலாக இருந்தால் வண்டி நண்டு மாதிரி ஓரஞ்சாய்ந்து ஓடும், அதைச் சமாளிக்க முன்னால் ஹேண்டில் திரும்பும். செயின் ஸ்பிராக்கெட் ஒரு பக்கமாகத் தேய்ந்ததற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது. அளவை வைத்து ஆக்ஸிலைச் சரி செய்தார். நரம்புச் சந்து இரண்டு பக்கமும் ஒன்றானது.

பிறகு முன்சக்கரத்தை நரம்புக்கு இணையாக நிறுத்தினார். இப்போது ஹேண்டிலைப் பார்த்தால், முன்பு இருந்த அளவு இல்லை என்றாலும், இடப்பக்கம்தான். மிச்சம் இருந்தது லோடு ஆட்டோ செய்த வேலை. ஃபோர்க் குழாய்கள் வளையவில்லை, அவற்றை மேலேயும் கீழேயும் கவ்வியிருக்கும் துண்டான டி-யின் பிடிக்குள் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன. ஹேண்டில் பார் மேல் டி-யில் உட்கார்ந்திருப்பது. அது டி பார்க்கும் பக்கம்தான் பார்க்கும், நூறு ஹேண்டில் பார் மாற்றினாலும்.

மேல் போல்ட்டுகள், கீழ் டி-யின் போல்ட்டுகள், மட்கார்டு போல்ட்டுகள், முன் ஆக்ஸில் நட் எல்லாவற்றையும் தளர்த்தினார், கழற்றவில்லை. சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை வலப்பக்கம் ஒரு திருப்பு. சக்கரத்தைக் கீழே வைத்து முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி எழுப்பினார், குழாய்கள் தங்கள் இடத்தில் போய் உட்காரட்டும் என்று. பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினார். வேலை இவ்வளவுதான். வாங்கிய பணம் அந்தப் புது ஹேண்டில் பாரின் விலையில் பாதிகூட இல்லை.

குழாயே வளைந்திருந்தால் இதெல்லாம் பலிக்காது என்று அவரே சொன்னார். அப்போது கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்க்க வேண்டும், வளைவு இருந்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். ஆயில் சீல் அடிக்கடி கசிந்தால் சந்தேகப்படலாம், ஆனால் நம் ஊரில் குழாயின் குரோமில் உப்பு அரித்த புள்ளிகளும் சீலை அறுக்கும்.

இப்போது வண்டி எப்படி இருக்கிறது? நேராக இருக்கிறது. இரண்டு கையும் ஒரே நீளம், வெளிச்சம் ரோட்டில் விழுகிறது. இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. எனக்கு வருவது எரிச்சல். நியாயமாகப் பார்த்தால் முறுக்கியது ஆட்டோக்காரர், கண்டுபிடிக்காதது சர்வீஸ் சென்டர், வண்டி பாவம். ஆனால் அட்ஜஸ்டர் கோட்டைத் தப்பாகப் போட்டு அனுப்பியது யார்? ஃபேக்டரியிலேயே தப்பான கோடு, அதை நம்பி ஒவ்வொரு செயின் இறுக்கலிலும் கோணல். இன்ஜினை இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்களுக்கு ஒரு கோடு போட வரவில்லை.

மாப்ள, நீ பார்க்கும் வண்டிக்கு வருகிறேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பு. டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பார், இல்லையென்றால் ஹேண்டிலைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் அடி வாங்கியிருக்கலாம், அதாவது வண்டி விழுந்திருக்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கி அந்த 'டக்' இருக்கிறதா பார். கோடுகளை எண்ணாதே, டேப் எடுத்துப் போ. ஹேண்டில் பார் மட்டும் புதுசாகப் பளபளத்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேள். இதெல்லாம் சரியாக இருந்தால் அந்த விலைக்கு நல்ல வண்டிதான், மைலேஜுக்கும் இன்ஜினுக்கும் நான் பொறுப்பு. கோணல் இருந்தால் மூவாயிரம் குறைத்துக் கேள், உச்சிப்புளிக்குக் கொண்டுவா, அந்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டலாம்.

இல்லை, வேண்டாம். குறைத்தாலும் எடுக்காதே.