நல்லது கெட்டதுக்கு ஒரு குரூப்: வாட்ஸ்அப் அட்மினாகச் சில வருடங்கள்

வாட்ஸ்அப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்டோரேஜ் நிறைவது, பேக்கப் எடுப்பது, எந்த போனில் வேகமாக ஓடுகிறது என்பதைத்தான் எழுதுகிறார்கள். கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு தெரு குரூப்புக்கும் புகுந்த வீட்டு வகையறா குரூப்புக்கும் அட்மினாக இருக்கிற எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். டேட்டாவைவிட அதிகம் செலவாவது பதில்தான். யாருக்கு, எப்போது, எவ்வளவு மனசு வைத்துப் பதில் போடுவது என்கிற அந்த வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அட்மின் ஆன கதை சின்னதுதான். கொழுந்தனார் குரூப்பை ஆரம்பித்து எல்லாரையும் சேர்த்துவிட்டு, "அண்ணி, நீங்க பார்த்துக்குங்க" என்று போய்விட்டார். தெரு குரூப்பில் நலச்சங்கத் தலைவரும் அட்மின்தான், பெயருக்கு. தண்ணீர் வரவில்லை, நாய்த்தொல்லை, வாசலில் யாரோ கார் நிறுத்திவிட்டார்கள் என்று எது வந்தாலும் கடைசியில் என் பெயரைப் போட்டுத்தான் கேட்பார்கள்.

இதில் ரொம்பக் கஷ்டமான இடம் சாவுச் செய்தி. "பெரியப்பா இன்று காலை இறைவனடி சேர்ந்தார், எடுப்பு மாலை 4 மணி" என்று ஒருவர் போடுவார். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே சிங்கப்பூர் மாமா ரோஜாப்பூ வைத்து "இனிய காலை வணக்கம்" அனுப்புவார். அதற்குக் கீழே பழக்க தோஷத்தில் நாலு பேர் "காலை வணக்கம்". இறந்தவர் வீட்டில் யாரும் அந்த நேரத்தில் போனைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. பார்ப்பார்கள், பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சொல்லியும் காட்டுவார்கள்.

2022-இலிருந்து அட்மின் எவருடைய செய்தியையும் எல்லாருக்கும் சேர்த்து நீக்கலாம். காகிதத்தில் நல்ல வசதி. ஆனால் நீக்கிய இடத்தில் இன்ன அட்மின் நீக்கினார் என்று பெயரோடு ஒரு வரி நிற்கும். வயதில் மூத்தவர் போட்டதை மருமகள் நீக்கினாள் என்று வகையறா முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு வரி! அதனால் நான் அந்தப் பட்டனைத் தொடுவதில்லை. தனியாக போன் போட்டு, "மாமா, அந்தப் படத்தை நீங்களே எடுத்துடுங்களேன்" என்பேன். "ஏம்மா, பூ போட்டது ஒரு குத்தமா?" என்பார். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய் நீளமாக ஓர் இரங்கல் எழுதுவார், மற்றவர்கள் அதையே காப்பி பண்ணிப் போடுவார்கள். அந்த போன் பேச்சுக்குத்தான் அன்றைய தெம்பெல்லாம் போகும்.

இன்னொரு வழியும் பார்த்துவிட்டேன். அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்கிற செட்டிங் 2018-இலேயே வந்தது. சாவுச் செய்தி வந்ததும் அந்த செட்டிங்கைப் போட்டுவிட்டு, "நேரிலோ போனிலோ விசாரியுங்கள்" என்று எழுதினேன். வேலை செய்தது. செய்தி மேலே தள்ளிப் போகாமல் நின்றது, துக்க வீட்டுக்கு போன் செய்தவர்களும் அதிகம். அப்புறம் வந்தது புகார்: "எங்க இரங்கலையே போட முடியாம பண்ணிட்டியே." அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவர் தன் பெயரும் அங்கே இருக்க வேண்டும் என்று நினைப்பார். இப்போது எடுக்கிற நேரம் வரை பூட்டிவைத்து, பிறகு திறந்துவிடுகிறேன்.

இந்த வேலைக்கு உணர்வு உழைப்பு என்று அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983-இலேயே பெயர் வைத்துவிட்டார். அவர் ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும். ஒருவருக்குச் சிரிப்பது வேலையின் பகுதி, இன்னொருவருக்குக் கடுகடுப்பு. இரண்டுக்கும் சம்பளம் உண்டு. வீட்டுக்குள், நட்புக்குள் மனசைச் சரிக்கட்டிக்கொள்வதை அவர் இதிலிருந்து பிரித்தே சொன்னார், அதில் கூலி இல்லை என்பதால். எங்கள் குரூப் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. செய்வது வீட்டு வேலைதான். ஆனால் அந்தப் பேச்சு நடக்கிறதால்தான் ஆட்கள் செயலியை விட்டுப் போகாமல் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் வருடச் சந்தாவை 2016 ஜனவரியில் எடுத்துவிட்டது. 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள். நான் சமாதானம் செய்துவைத்த மாமா ஸ்டேட்டஸ் பார்க்கத் திரும்பி வருவதில் யாருக்கு லாபம் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஃபேஸ்புக்கில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். லைக்கோடு இதயம், சிரிப்பு, வியப்பு, அழுகை, கோபம் எல்லாம் 2016-இல் வந்தன. 2017-இல் அந்த ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு வைத்துத்தான் எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்குப் போட்டார்கள். 2021-இல் வெளியான நிறுவனத்தின் உள் ஆவணங்களில் இது தெரியவந்தது. கோப முகத்தின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து 2020-இல் பூஜ்யம் ஆக்கினார்களாம். அதற்கு முன்னால், உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் சாக்கடை அடைப்புப் படத்துக்கு நாங்கள் எல்லாம் சேர்ந்து குத்திய கோப முகங்கள் சாக்கடையைத் திறந்தனவோ இல்லையோ, அந்தப் பக்கத்தை நன்றாக மேலே தூக்கிவிட்டிருக்கும்.

மனசையே சோதித்த கதையும் உண்டு. 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பேரின் நியூஸ் ஃபீடில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தார்கள். 2014-இல் கட்டுரை வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. மாற்றம் மிகச் சிறியது, ஆனால் இருந்தது. ஃபேஸ்புக்கை ஆங்கிலத்தில் பார்த்தவர்களை வைத்துத்தான் அது நடந்தது என்பதால், என்னைப் போல தமிழில் வைத்திருந்தவர்கள் தப்பித்தோம்.

வாட்ஸ்அப்பின் மற்ற வசதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, 2022 மே மாதம் வந்த, செய்தி மேலேயே முகமோ கையோ வைக்கிற ரியாக்‌ஷன். முதலில் வந்த ஆறில் கும்பிடும் கையும் ஒன்று. நம் ஊருக்கு அது ஒன்றே போதும், வாழ்த்து, நன்றி, இரங்கல், "சரிங்க, விடுங்க" எல்லாவற்றுக்கும் செல்லும். அது வந்த பிறகு என் வேலை பாதியாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. எழுதுகிறவர்களின் எதிர்பார்ப்பு கூடிவிட்டது. தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தினம் ஒரு குறளுக்கு விளக்கம் எழுதுவார், நன்றாகவே எழுதுவார். முன்பு யாரும் பதில் போடாவிட்டால் கவலைப்பட மாட்டார். இப்போது கும்பிடு குறைந்த நாளில் சாயங்காலம் வாசலில் நின்று, "ஏம்மா, இன்னைக்கு நெட் சரியில்லையோ?" என்று கேட்கிறார்.

நீல டிக் 2014-இல் வந்தது. தனி அரட்டையில் அதை நிறுத்திவைக்கலாம், குரூப்பில் முடியாது. நாம் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து இன்ஃபோ பார்த்தால் யார் படித்தார்கள் என்று பட்டியலே வரும். எங்கள் நாத்தனார் அதைப் பார்த்துத்தான் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று முடிவு செய்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சத்தமில்லாமல் குரூப்பை விட்டு வெளியேறும் வசதி 2022-இல் வந்தது நல்லது, அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். ஆனால் தெரிந்த பிறகு "ஏன் போயிட்டீங்க" என்று கேட்க வேண்டியதும் அட்மின்தானே. அட்மின் மேல் கேஸ் வரும் என்று பயமுறுத்துவது எங்கள் தெருவில் ஒரு பொழுதுபோக்கு. வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரை மற்றவர் பதிவுக்காக வழக்கில் சேர்க்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதை குரூப்பில் மேலே பின் (pin) செய்து வைத்திருக்கிறேன்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் இருக்கிறேன் என்றால், ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை, கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி ஆட்களை மீட்டது. புயல் போய்விட்டது என்று நாங்கள் மூச்சுவிட்ட நேரத்தில், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையில் குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் வெள்ளம். 2011 தானே புயலில் எங்களுக்குக் குரூப் கிடையாது, யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெருமுனைக்குப் போய்த்தான் கேட்டோம்.

இந்த முறை போனில் சார்ஜ் இருந்தவரை நடந்த வேலையை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. துபாயில் இருக்கிற மகன் "அம்மா போன் எடுக்கல" என்று கதறி வாய்ஸ் அனுப்புவான். பக்கத்து வீட்டுப் பெண் இருட்டில் மாடி ஏறிப் பார்த்து, அந்த அம்மா தூங்குகிறார் என்று போட்டோ போடுவாள். மருந்துக்கடைக்காரர் யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அணையே உடைந்துவிட்டது என்று ஒரு வாய்ஸ் நோட்டு சுற்றியது. 2018-இலிருந்து இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதுதான், ஆனாலும் பயம் எப்படியோ வந்துவிடுகிறது. "யார் சொன்னது, எந்த நேரம், நீங்க பார்த்தீங்களா" என்று ஒவ்வொருவரிடமும் சண்டை வராமல் கேட்டது நாங்கள் மூன்று நாலு பெண்கள்தான். ஆண்கள் செய்தி போட்டார்கள், தண்ணீர் அளவைப் படம் எடுத்துப் போட்டார்கள், அதுவும் தேவைதான். போட்டதைப் படித்துப் பயந்தவர்களைத் தேற்றியது வேறு ஆட்கள்.

அந்த வாரத்துக்காக இந்தக் குரூப்புக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். வருஷத்தின் மற்ற வாரங்களுக்கு நாற்பது. சாதாரண நாளில் ரோஜாப்பூக்களுக்கும் பதில் போட்டு, பேரைச் சொல்லி விசாரித்துவைத்த பழக்கம் இல்லாமல் புயல் ராத்திரியில் திடீரென்று அந்த நம்பிக்கை வந்திருக்குமா என்றால், வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக அது எப்போதும் ஒரே ஆள் தலையில் இருக்க வேண்டும் என்பதில்லை.

வகையறா குரூப்பில் இப்போது அட்மின் வேலையைச் சுழற்சியில் வைத்திருக்கிறோம். தை பிறந்தால் ஓரகத்தி மகன் முறை, இன்ஜினியரிங் படிக்கிறான். "பெரியம்மா, இதுக்கெல்லாம் ஆட்டோ ரிப்ளை இருக்காமே?" என்றான். பிசினஸ் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, குரூப்புக்கு வராது என்று சொல்லி, யார் யார் கோபக்காரர்கள் என்கிற பட்டியலை மட்டும் கொடுத்திருக்கிறேன்.