தமேலில் குக்ரி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

குக்ரி என்பது நேபாளத்து வளைந்த கத்தி. காத்மாண்டு போனால், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தமேல் கடைகளில் வரிசையாகத் தொங்கும். எனக்கும் ஆசை. "லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிச்சது சார், போஜ்பூர் சரக்கு" என்றார் கடைக்காரர். கிழக்கு நேபாளத்தில் குக்ரிக்குப் பேர்போன ஊர் அது. எருமைக்கொம்புப் பிடி, முகம் பார்க்கிற பளபளப்பு. "உறையிலிருந்து உருவினா ரத்தம் பார்க்காம திரும்பப் போடக் கூடாது" என்று கதை வேறு. அதில்தான் விழுந்தேன். 4,800 ரூபாய் என்று பேசி முடித்தோம். பணத்தை எண்ணும்போது அது ஐசி, அதாவது இந்திய ரூபாய் என்றார். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. வெட்கப்பட்டுக்கொண்டு கொடுத்துவிட்டேன்.

மறுநாள் நேபாளத்து மலை ஊரான பந்திப்பூர் பக்கம் ஒரு வீட்டில் தங்கல். அந்த வீட்டு அம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார். உதவுகிறேன் பேர்வழி என்று என் புதுசை எடுத்தேன். நாலாவது வெட்டில் பிடி ஆடியது. அடுத்ததில் கத்தி கட்டையோடு நிற்க, பிடி மட்டும் என் கையில். எதிரே யாரும் நிற்கவில்லை, பிழைத்தேன். பிடிக்குள் போகிற வால் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, மிச்சமெல்லாம் அரக்கு. கத்தியின் வெட்டும் வாய் தகரம் மாதிரி மடங்கிக் கிடந்தது.

அவர் மகன் தங்கள் குக்ரியைக் கொண்டுவந்தார். கறுத்த, அழகே இல்லாத சாமான். முதுகு பென்சில் கனம். அரத்தை முதுகில் வைத்தால் கடிக்கிறது, வாயில் வைத்தால் வழுக்குகிறது. பழுக்கக் காய்ச்சிய பிறகு கெட்டிலில் இருந்து வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீர் ஊற்றுவார்களாம். வாய் கெட்டியாகும், முதுகு முறியாது. உறையில் கூடவே செருகியிருக்கும் குட்டிக் கத்திகளில் கர்தா வெட்ட, சக்மக் தீட்ட. சக்மக்குக்குக் கூர் கிடையாது. என்னுடையதில் இரண்டும் ஒரே தகரத் துண்டு! ரத்தக் கதையைச் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். காலையில் அதே குக்ரியில்தான் கீரை நறுக்கியிருந்தார்.

திரும்பி வந்து கடையில் கேட்டேன். "அது ஷோகேஸுக்கு சார், வெட்டவா வாங்கினீங்க?" பணம் வரவில்லை.

வேலைக்கு வேண்டுமென்றால் 'பனாவல்' என்று கேளுங்கள். இரண்டு கொம்புப் பட்டைக்கு நடுவே இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுவது கண்ணுக்குத் தெரியும். விலை பேசும் முன் என்சியா (நேபாள ரூபாய்) ஐசியா என்று கேட்டுவிடுங்கள். உருவிப் பார்க்கும்போது உறையில் கத்தியின் வெட்டும் வாய் இருக்கிற பக்கம் விரலைச் சுற்றாதீர்கள். மட்டமான உறை பிளந்துகொண்டு வரும்.