காப்பியை வியாபாரிக்குப் போடுவதா, சங்கத்துக்குக் கொடுப்பதா?

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் ரொபஸ்டா வகைக் காப்பி இருக்கிறது. ஊடே சில்வர் ஓக், அதில் ஏற்றிய மிளகு, ஓரமாகக் கொஞ்சம் தேயிலை. வாசலில் நின்றால் தெரிகிற அடுத்த மலை வயநாடு. பல வருடம் செர்ரியை, அதாவது காப்பிப் பழத்தை, தோலோடு காயவைத்து வியாபாரிக்கே போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வருடம் நானே வறுத்து அரைத்துப் பொடியாக விற்றுப் பார்த்தேன். கடைசி இரண்டு அறுவடையாக எங்கள் ஊர் விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற சங்கத்துக்குக் கொடுக்கிறேன், சங்கம் அதில் ஒரு பகுதியைப் பொடியாக்கி நேராக வீடுகளுக்கு அனுப்புகிறது. மூன்றையும் செய்து பார்த்தவன் என்பதால் எது தேவலை என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். என் சாய்வு சங்கத்தின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடைத்தரகர் இல்லை, லாபம் முழுக்க நமக்கே என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பழமாக 100 கிலோ பறித்தால் காய்ந்த செர்ரியாக 42, 43 கிலோ நிற்கும். தோல் உடைத்தால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பருப்பு. வறுக்கும்போது இன்னும் ஆறில் ஒரு பங்கு எடை போகும். கடைசியில் கையில் இருப்பது 18 கிலோ பொடி. அதாவது ஒரு கிலோ பொடிக்குள் சுமார் 2.3 கிலோ செர்ரி இருக்கிறது. 2019 வாக்கில் செர்ரி கிலோவுக்கு 70 ரூபாய் கிடைப்பதே கஷ்டம், ஆகப் பொடிக்குள் இருந்த சரக்கு 160 ரூபாய்தான். அதை 400 ரூபாய்க்கு விற்றால் வறுவல், பாக்கெட், கூரியர் எல்லாம் போக நல்ல மிச்சம். வியட்நாம் வறட்சியால் 2024-ல் உலகச் சந்தையில் ரொபஸ்டா விலை பல பத்தாண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது, இங்கேயும் செர்ரி 200 ரூபாயைத் தொட்டது. அப்போது அதே ஒரு கிலோ பொடிக்குள் 460 ரூபாய்ச் சரக்கு இருந்தது. வீட்டுக்கு வாங்குகிறவர்களிடம் வாரத்துக்கு ஒரு விலை சொல்ல முடியாது. ஆக, சந்தை ஏறிய வருடத்தில் நேரடி விற்பனையின் லாபம் சுருங்கித்தான் போகும், அப்போது வியாபாரிக்குப் போட்டவர் ஒன்றும் ஏமாந்தவர் இல்லை.

வியாபாரியைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். ஜீப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறார், இருப்பதை எல்லாம் ஏற்றிக்கொள்கிறார், சாயங்காலமே பணம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வயநாட்டில் மூட்டை 54 கிலோ, கர்நாடகப் பக்கம் 50 கிலோ. இதைக் கவனிக்காமல் மூட்டை விலையை ஒப்பிட்டு அங்கே அதிகம், இங்கே குறைவு என்று ஓடியவர்கள் உண்டு. ஈரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தே முடிவு செய்வார்கள். அவுட்டர்ன், அதாவது செர்ரியில் எவ்வளவு பருப்பு தேறும் என்று பார்ப்பதும் ஒரு கைப்பிடியை உடைத்துத்தான். அதில் ஏமாற்றாத நல்ல மனிதர்களிடமும் விற்றிருக்கிறேன்.

நானே பொடி விற்ற கதை சுருக்கமானது. சென்னையிலும் கோவையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள், அவர்களின் நண்பர்கள், ஒரு வாட்ஸ்அப் குழு. தனி ரொபஸ்டாவில் டிக்காஷன் கெட்டியாக இறங்கும், கசப்பும் தூக்கலாக இருக்கும். பாதிப் பேர் சிக்கரி கேட்டார்கள். சட்டப்படி 49 சதவீதம் வரை சேர்க்கலாம், பாக்கெட்டில் அளவைப் போட வேண்டும். எனக்கு மனம் வராமல் சேர்க்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு ஏக்கர்ச் சரக்கை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஒரே ருசியில் கொடுக்க முடியாது. ஆகஸ்டில் தீர்ந்துவிட்டது. காப்பிக்கு நான்கு மாதம் யாரும் காத்திருக்க மாட்டார்கள், மறுபடி அறுவடை வந்தபோது அவர்கள் வேறு பொடிக்குப் பழகிவிட்டார்கள். மனைவியும் நானும் இரவு இரவாக பாக்கெட் ஒட்டிய உழைப்பை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆள்பலமும் நகரத்தில் கடையும் உள்ளவர்களுக்கு இது ஒத்துவரலாம்.

சரி, எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஜூன் மாதம்.

ரொபஸ்டா டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பறிக்கிறோம். பணம் வருடத்துக்கு ஒரு தடவை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், மழை பிடிக்கும், கூலி வேலை இருக்காது, உரம் வாங்க வேண்டும். வங்கிக்குப் போகலாமே என்று கீழ்நாட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். கூடலூர், பந்தலூரில் நிலத்தின் கதை வேறு. பழைய ஜமீன் மாதிரியான ஜென்மி நிலங்களை ஒழித்த 1969-ன் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தில், உரிமை இன்னும் தீராத பிரிவு 17-க்குள் மாட்டிக்கொண்ட நிலம் இங்கே ஏராளம், என் நிலமும் அதில்தான் வருகிறது. பட்டா கிடையாது, அதனால் பயிர்க்கடன் கிடையாது. பிறகு யார் கொடுப்பார்? வியாபாரிதான் கொடுப்பார். அட்வான்ஸ் என்று பெயர், வட்டி என்று எதுவும் எழுத மாட்டார்கள். அறுவடையில் அன்றைய விலையில் கிலோவுக்குச் சில ரூபாய் குறைப்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சரக்கை வேறு யாரிடமும் காட்ட முடியாது, விலை ஏறட்டும் என்று வைத்திருக்கவும் முடியாது, அதைத்தான் தாங்க முடியவில்லை. 2023 ஜூனில் மகளின் ஃபீஸுக்காக வாங்கினேன். 2024 ஜனவரியில் களத்திலிருந்தே மூட்டைகள் போய்விட்டன. கடன் வாங்காத பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஏப்ரல் வரை வைத்திருந்து விற்றார். அந்த மூன்று மாதத்தில் விலை எப்படி ஏறியது என்று காப்பி வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சங்கத்தில் என்ன நடக்கிறது என்றால், மூட்டையைக் கொண்டுபோனால் ஈரமானியில் 11-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், அவுட்டர்னை என் கண் முன்னாலேயே பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் அன்றைய விலையில் 60 சதவீதம் வருகிறது. மிச்சத்துக்கு எந்தத் தேதி விலை வேண்டும் என்பதை மே கடைசிக்குள் நானே சொல்லலாம். சேர்கிற சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு பருப்பாக மொத்தமாகவே போகிறது, அதில்தான் எங்களுக்கு உடனே கொடுக்கப் பணம் புரள்கிறது. ஒரு பங்குதான் பொடி. ‘நேரடி விற்பனை’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது இந்த ஒரு பங்குதான்.

ஆனால் அந்த ஒரு பங்கின் காசு மாதாமாதம் வருகிறது. மழையிலும் வருகிறது. அதிலிருந்து கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வைத்து, ஜூனில் உறுப்பினர்களுக்கு முன்பணமாகக் கொடுக்கிறோம். பட்டா கேட்பதில்லை, போன வருடம் எத்தனை மூட்டை கொடுத்தார் என்ற நோட்டு போதும். கூடுதல் விலைக்காகச் சங்கத்தில் சேருங்கள் என்று நான் யாரையும் கூப்பிட மாட்டேன், விலை ஏறின வருடத்தில் அந்தப் பேச்சு நிற்காது. ஜூனில் கை நீட்ட வேண்டியதில்லை என்பதற்காகச் சேருங்கள்.

பெரியவர்களுக்கு இதில் ஒரு பயம் உண்டு. 1990-களின் தொடக்கம் வரை காப்பியை எல்லாம் காப்பி போர்டின் பூலுக்குத்தான், அதாவது எல்லோர் சரக்கையும் சேர்த்து போர்டே விற்கிற பொதுத் தொகுப்புக்குத்தான், கொடுக்க வேண்டும், காசு தவணை தவணையாக வரும். பாதி இப்போது, பாதி பிறகு என்றாலே அவர்களுக்கு அந்த நினைவுதான். “திரும்பவும் பூலா தம்பி?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கு நோட்டை யார் வேண்டுமானாலும் புரட்டலாம் என்று வைத்த பிறகுதான் அவர் வந்தார்.

முதல் வருடமே அடியும் பட்டோம். 2025 தொடக்கத்தில் விலை இன்னும் ஏறியபோது முன்பணம் வாங்கிய சிலரே ராத்திரியில் வெளியே விற்றுவிட்டார்கள், பொடிக்கு ஆர்டர் இருந்தது, சரக்கு இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் அந்த நிலையில் இருந்தவன். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து பேசி, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்காவது சங்கத்துக்கு, மற்றது அவரவர் விருப்பம் என்று வைத்தோம். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒரே ஓர் அறுவடைதான் ஆகியிருக்கிறது. விலை அடியோடு விழுகிற வருடத்தை எங்கள் சங்கம் இன்னும் பார்க்கவில்லை.

ஆந்திராவில் அரக்குப் பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பாரிஸில் கடை, 2019-ல் புவிசார் குறியீடு, எல்லாம் உண்மைதான். அவர்களுடையது அராபிகா, பழமாகவே வாங்கி ஒரே இடத்தில் பதப்படுத்துகிறார்கள். அதே 2019-ல் வயநாடு ரொபஸ்டாவுக்கும் குறியீடு கிடைத்தது. ஆனால் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அதே மண்ணில், அதே மழையில் விளைகிற எங்கள் காப்பியில் அந்தப் பெயரைப் போட முடியாது. அது எனக்கு வருத்தம்தான்.

இந்த வருடம் 30 மூட்டை வந்தது. 20 சங்கத்துக்குப் போய்விட்டது. 10 பலகை மேல் அடுக்கி வீட்டில் இருக்கிறது, விலை பார்த்து வியாபாரிக்கே போடுவேன். எப்படியும் மே மாதத்துக்குள் போட்டாக வேண்டும், மழை பிடித்தால் சாக்கில் ஈரம் ஏறிவிடும்.